கண்ணாடிக்குள் ஒரு ஜடை

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை மாதிரியான ஊர்களில், பழைய ஓட்டு வீடுகளின் நிலைப்படிக்கு மேலே சட்டம் போட்ட படங்கள் இன்றும் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். கீழே நிற்பவரைக் குனிந்து பார்ப்பதுபோல் சற்றே சாய்த்து மாட்டியிருப்பார்கள். நாற்காலியில் தாத்தா, அதன் முதுகைப் பிடித்தபடி நிற்கும் அப்பத்தா, பட்டாளத்து உடுப்பில் ஒரு மாமா. அந்த வரிசையில் ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருக்கும். பட்டுப் பாவாடை கட்டிய ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளை நம்மைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குள் அவள் முதுகு. அதில் உச்சியிலிருந்து இடுப்பு வரை மல்லிகை மொட்டால் தைத்த ஜடை, நுனியில் குஞ்சலம்.

சித்திரை வைகாசியில் மல்லிகை மலிந்து கிடக்கும். பள்ளிக்கூடமும் லீவு. கீரமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மொட்டுகளை வாழைப்பட்டையில் நெருக்கமாகத் தைத்து, இடையிடையே தாழம்பூவும் கனகாம்பரமும் சேர்த்து, பின்னலோடு வைத்துக் கட்டி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். சாயங்காலத்துக்குள் மொட்டு விரிந்துவிடும், மறுநாள் காலையில் வாடிவிடும். அதனால்தான் தைத்து முடித்த கையோடு பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி டவுன் ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்டுடியோக்காரருக்கு அது லேசான வேலை அல்ல. கண்ணாடிக்குள் தெரியும் ஜடை, கேமராவின் கணக்கில் பிள்ளையின் முகத்தைவிட வெகு தொலைவில் இருக்கிறது. முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் ஜடை மங்கிவிடும், ஜடைக்கு வைத்தால் முகம் மங்கிவிடும். இரண்டும் தெளிவாக விழ லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெளிச்சம் போதாது, கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் பிள்ளை இமைக்காமல், அசையாமல் நிற்க வேண்டும். கண்ணாடியை ஒரு விரற்கடை அதிகமாகத் திருப்பிவிட்டால் கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் போட்டோகிராபரே படத்துக்குள் வந்துவிடுவார். இத்தனையும் சரியாக அமைந்தால்தான் முகமும் முதுகும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

'கிரியேட்டிவ் ஷூட்' என்ற சொல் அப்போது இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. ஆனால் செய்த வேலை அதுதான். கேமரா இந்த மண்ணுக்கு வந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. படம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது யார் என்கிற கேள்வியும் அதனோடு கூடவே வந்தது. ஜடைப் படத்தில் அதைச் சொன்னவர்கள் பூ தைத்த தாயும் ஸ்டுடியோக்காரரும். அந்த உரிமை அவர்கள் கைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

திருமயத்தில் ஒரு கேப்டன்

டகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 17 ஆண்டுகள் கழித்து, 1856-இல், சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி தோன்றியது. அதற்குப் பின்பலமாக இருந்தவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர். 1850-இல் அவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. சொசைட்டி தோன்றிய அதே 1856-இல் சென்னை மாகாண அரசு தனக்கென்று ஒரு புகைப்படக்காரரை நியமித்தது. அவர் பெயர் லின்னியஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேப்டன்.

வடக்கே சிப்பாய்ப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1857-இன் கடைசியில் டிரைப் தெற்கே கிளம்பினார். ராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, தஞ்சாவூர், திருவையாறு, மதுரை என்று நாலு மாதத்துக்கு மேல் சுற்றினார். அந்தச் சுற்றில் புதுக்கோட்டை சமஸ்தானமும் உண்டு. 1858-இல் அவர் வெளியிட்ட தொகுதிகளில் ஒன்று முழுக்கப் புதுக்கோட்டைக்கே உரியது. திருமயம் கோட்டையின் வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் நடுவே இருக்கும் மண்டபம் அப்படித்தான் படத்தில் ஏறியது.

அவர் கையாண்டது மெழுகுத் தாள் முறை. நல்ல தாளை மெழுகில் தோய்த்து, வெள்ளி உப்பு ஏற்றி, இருட்டறையில் உணர்திறன் ஊட்டி வைத்துக்கொள்வார். ஒரு தாள் ஏறக்குறைய 12-க்கு 15 அங்குலம். கண்ணாடித் தகட்டு முறையில் தகடு ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். மெழுகுத் தாளை முன்கூட்டியே தயாரித்து மாட்டு வண்டியில் கொண்டுபோகலாம். ஆனால் ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். கல் அதற்கு ஒத்துழைக்கும், மனிதன் ஒத்துழைக்க மாட்டான். அவருடைய மண்டபங்களிலும் தெப்பக்குளங்களிலும் ஆள் நடமாட்டம் அரிதாகவே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கால ரசாயனம் நீல நிறத்தைக் கண்டால் எரிந்துபோகும். வானம் வெறும் வெள்ளையாக விழும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார், மரங்களின் இலைக்கொத்துகளைச் சரிசெய்தார். போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுவதை இன்றைய சங்கதி என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் எடுத்த முதல் பெரிய படத்தொகுதியிலேயே அது நடந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் தொடர்ச்சியாக 21 நெகட்டிவில் எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். நின்று படிக்க முடியாத கல்வெட்டை உட்கார்ந்து படிக்க முடிந்தது.

1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் ஆடம்பரம் என்று கருதி நிறுத்தினார். டிரைப்பிடம் தொழில் பழகிய ஐயாசாமி என்ற தமிழர் சென்னைக் கலைப் பள்ளியில் புகைப்படக்காரராகத் தொடர்ந்தார். துரைமாரின் கருவி தமிழ்க் கைக்கு மாறத் தொடங்கியது அங்கேதான்.

அளக்கப்பட்டவர்களும் அரசரும்

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கேமரா மனிதர் பக்கம் திரும்பியது. திரும்பிய விதம் கொடுமையானது. 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' இந்த நாட்டு மக்களைச் சாதி வாரியாக, குல வாரியாக நிறுத்திவைத்துக் காட்டியது. 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாகிப்போன ஜனங்களைக் குழுக் குழுவாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். உட்கார வலுவில்லாதவர்களைக்கூட வரிசையில் நிறுத்திய அந்தப் படங்கள் அன்றைக்கே கண்டனத்துக்கு உள்ளாயின. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் கேமராவோடு மண்டையோட்டை அளக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய 7 தொகுதிகளில் இருப்பவர்கள் யாரும் தாங்கள் எப்படி நிற்க வேண்டும் என்று சொன்னவர்கள் அல்லர்.

அதைச் சொல்ல முடிந்தவர்கள் பெரும்பாலும் அரண்மனைக்காரர்கள்தான். அப்படி ஒருவர் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915-இல் அவர் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். வெள்ளை அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. சமஸ்தானத்துக்கு வந்த தம்பதியால் அங்கே நெடுநாள் தங்க முடியவில்லை. மன்னர் 1928-இல் பாரிஸில் காலமானார். ஐரோப்பாவில் வாழ்ந்த மோலியைப் படம் எடுத்தவர்களில் சிசில் பீட்டனும் ஒருவர். பளபளக்கும் திரைகளையும் நாடகத்தனமான ஒளியையும் வைத்து ஃபேஷன் படத்துக்கே புது முகம் கொடுத்தவர் அவர். புதுக்கோட்டையின் ராணியாக அரசு ஒப்புக்கொள்ளாத பெண், ராணியின் தோரணையில் படத்தில் நின்றார். நிஜ வாழ்க்கை மறுத்ததைப் படம் கொடுக்கும் என்பதை அந்தக் குடும்பம் அனுபவித்தே கண்டது.

திரை, தூண், தொலைபேசி

விரும்பிய கோலத்தில் படத்தில் நிற்கும் வசதி குடியானவர் வீட்டுக்கு ஸ்டுடியோ வழியாக வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் வெள்ளைக்காரர்களின் பெரிய ஸ்டுடியோக்கள் வைத்திருந்த சாமான்கள், இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தன. ஓவியம் தீட்டிய பின்திரை, அதில் படிக்கட்டும் தூணும் தூரத்தில் ஓர் ஏரியும். முன்னால் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. பிறகு ரேடியோ வந்தது, தொலைபேசி வந்தது, ஸ்கூட்டர் வந்தது.

வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவர் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, காதில் ரிசீவரை வைத்தபடி உட்கார்ந்தார். அந்தத் தொலைபேசிக்கு ஒயர் கிடையாது. கோட்டு ஸ்டுடியோவுக்குச் சொந்தம். பல ஸ்டுடியோக்களில் சீப்பு, பவுடர், கண்ணாடி, கோட்டு, டை எல்லாம் ஓர் அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும். இதைப் பொய் என்று தள்ளுவது அறியாமை. தர்ஸ்டனின் புத்தகத்தில் குல அடையாளமாக நிறுத்தப்பட்ட அதே ஜனங்கள், இரண்டு தலைமுறைக்குள் காசு கொடுத்து, தாங்கள் விரும்பிய கோலத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் கோட்டின் அருமை அதைப் போட்டுக்கொண்டவருக்குத் தெரியும்.

ஸ்டுடியோக்காரரின் அசல் வேலை அதற்கப்புறம்தான். நெகட்டிவைச் சாய்ந்த மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே உள்ள கருமையையும் புள்ளி புள்ளியாக நிரப்புவார். இதற்கு 'டச்சிங்' என்று பேர். கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் பஞ்சு முனையால் கன்னத்துக்கு ரோஜா நிறம், சேலைக் கரைக்குச் சரிகை மஞ்சள் போடுவதற்குத் தனி ஆள் உண்டு. நல்ல டச்சிங் ஆர்ட்டிஸ்ட் இருக்கும் ஸ்டுடியோவைத் தேடிப் பத்து மைல் தாண்டியும் வந்தார்கள்.

ஒருவர் இருவராக

புதுக்கோட்டை, தமிழ் சினிமாவுக்குக் கொடுத்த பெரிய கொடை பி.யு. சின்னப்பா. பெயரின் முதலெழுத்திலேயே ஊரைச் சுமந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1940-இல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் அவர் இரண்டு வேடங்களில் வந்தார். தமிழில் கதாநாயகன் இரட்டை வேடம் போட்ட முதல் படம் என்று அது பேசப்படுகிறது. 1949-இன் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். ஒரே ஆள் தன் எதிரே தானே நின்று பேசுவதைக் கொட்டகையில் பார்த்த ஜனங்களுக்கு, தாங்களும் அப்படி ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை வந்ததில் வியப்பில்லை. ஊர் ஊருக்கு ஸ்டுடியோக்காரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள்.

செய்முறை எளிது, கைப்பக்குவம்தான் கடினம். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, லென்ஸின் வலப் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். ஆளை இடப்பக்கம் உட்காரவைத்து ஒரு தடவை எடுப்பார்கள். பிலிமை நகர்த்தாமல், அட்டையை இடப் பாதிக்கு மாற்றி, ஆளை வேறு சட்டையோடு வலப்பக்கம் உட்காரவைத்து இன்னொரு தடவை எடுப்பார்கள். அட்டை ஒரு நூல் தள்ளிப்போனால் நடுவில் கறுப்புக் கோடு விழும், ஒரு நூல் உள்ளே வந்தால் வெள்ளைப் பட்டை விழும். கேமரா இம்மி அசைந்தால் மேசை இரண்டாக வெட்டுப்படும். சரியாக வந்தால் ஒருவரே தனக்குத் தானே டீ ஊற்றிக் கொடுப்பார், தன்னோடு தானே சதுரங்கம் ஆடுவார். எடுத்தது சரியா தப்பா என்பது டார்க் ரூமில் தட்டில் மிதக்கும் தாளில் உருவம் எழும்போதுதான் தெரியும்.

இந்தக் கைப்பக்குவம் விளையாட்டோடு நிற்கவில்லை. பிழைப்பைத் தேடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆட்கள் போன சீமை இது. கணவன் கடலுக்கு அப்பால், மனைவி ஊரில். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமலே ஒருவர் காலமாகிவிட்டால், மீதி இருப்பவர் பாஸ்போர்ட் படத்தையோ குழுப் படத்தில் இருக்கும் நகக்கண் அளவு முகத்தையோ ஸ்டுடியோவுக்குக் கொண்டுவருவார். அதைப் பெரிதாக்கி, இன்னோர் உடம்பில் பொருத்தி, பக்கத்தில் அவரை உட்காரவைத்து, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் எடுத்ததுபோல் டச்சிங் செய்து கொடுப்பார் ஸ்டுடியோக்காரர். வாழ்நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திராத தம்பதி சுவரில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இன்று கல்யாண ஆல்பத்தில், மறைந்த அப்பாவை மணமேடையில் சேர்த்துத் தரச் சொல்லும் பிள்ளைகள் அந்தப் பழைய வேண்டுகோளைத்தான் கேட்கிறார்கள்.

சாவு வீட்டுக்கும் கேமரா போயிற்று. உயிரோடு இருந்தபோது படமே எடுத்துக்கொள்ளாத பெரியவரை நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நிற்க எடுப்பார்கள். பிறகு அந்த முகத்தை மட்டும் பிரித்து, மூடிய கண்களின் மேல் திறந்த கண்களைப் பிரஷ்ஷால் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அழுகைச் சத்தத்துக்கு நடுவே ஸ்டாண்டை விரித்து, ஐயா கொஞ்சம் நகருங்க என்று தணிந்த குரலில் சொல்லி, இரண்டே தகட்டில் வேலையை முடித்துக்கொண்டு வருவது எந்தப் பள்ளியிலும் கற்றுத்தராத பாடம்.

மறுபடியும் திருமயம்

1960-இல் ஊட்டியில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் அது தயாரித்த கறுப்பு வெள்ளை பிலிமும் தாளும் நாடெங்கும் போயின. நீலகிரி மலைமேல் பூசிய வெள்ளி உப்பில் எத்தனையோ சிற்றூர்களின் முகங்கள் பதிவாயின. பிறகு கலர் வந்தது. டார்க் ரூமில் கைபட நடந்த வேலை லேபுகளின் இயந்திரத்துக்குப் போனது. டச்சிங் மேசைகள் ஓரங்கட்டப்பட்டன. 1993-இல் டி.என். சேஷன் கொண்டுவந்த வாக்காளர் அடையாள அட்டைக்காக, அதுவரை கேமரா முன்னால் உட்காராத ஏழை எளியவர்களும் உட்கார்ந்தார்கள். அந்தப் படத்தில் ரேடியோ இல்லை, பூச்சாடி இல்லை, சிரிக்கவும் யாரும் சொல்லவில்லை. படம் எப்படி இருக்க வேண்டும் என்பதை மறுபடியும் அரசே முடிவு செய்தது.

டிஜிட்டல் வந்தபிறகு ஓவியத் திரை சுருட்டி வைக்கப்பட்டது. திரையில் தீட்டியிருந்த கோட்டையையும் ஏரியையும் தேடி ஜோடிகள் நேரிலேயே கிளம்பினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அதில் கொள்ளை வளம். நார்த்தாமலையின் பாறைமேல் விஜயாலய சோழீச்சரம், குடுமியான்மலை, முத்துக்குடாவின் அலையாத்திக் காடு, வரிசை பிடித்து நிற்கும் தைலமரத் தோப்பு. தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் ஸ்டாண்டு போட்டு எடுக்க அனுமதி வாங்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்குள் பாறை ஏறினால்தான் தலைக்கு மேல் வெயில் வருவதற்குள் இறங்க முடியும்.

சென்னையில் இந்தக் கலை இன்னும் துணிந்து போயிருக்கிறது. 2017-இல் நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் நண்பரும் சேர்ந்து, முருகனையும் லட்சுமியையும் சீதையையும் கறுத்த நிறத்து மாடல்களை வைத்து எடுத்தார்கள். காலண்டர்களில் வெளுத்துப்போன தெய்வங்கள் நம் நிறத்துக்குத் திரும்பின. 2020-இல் புகைப்படக்காரர் ஜி. வெங்கட்ராம், ரவிவர்மாவின் ஓவியங்களை நடிகைகளை வைத்து மறுபடி உருவாக்கினார். நகை, சேலை மடிப்பு, ஜன்னல் வெளிச்சம் உட்பட ஒவ்வொன்றும் ஓவியத்தோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. நடிகை சுஹாசினியின் 'நாம்' அமைப்புக்கு நிதி திரட்டும் காலண்டருக்காக எடுத்த படங்கள் அவை.

திருமயத்துக்கும் ஜோடிகள் வருகிறார்கள். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. 1858-இல் டிரைப் ஆளில்லாமல் எடுத்த அதே மண்டபப் பக்கம், இப்போது மணப்பெண் சேலைத் தலைப்பைக் காற்றில் வீசி நிற்கிறாள். மாப்பிள்ளையின் தங்கை ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். போட்டோகிராபர் கேமராவின் முதுகைத் திருப்பி எடுத்த படத்தைக் காட்டுகிறார். இந்தக் கல் நல்லா இருக்கு, முகம் சரியில்லை, இன்னொண்ணு எடுங்க என்கிறாள் அவள்.

பின்பக்கத்து எண்

இத்தனை வரலாற்றுக்கும் ஆதாரமான நெகட்டிவ்கள் கண்முன்னே அழிந்துவருகின்றன. கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடியாக மாற்றினார்கள். பிலிம்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்டார்கள். மழைநீர் இறங்கிய பரணில் மீதி ஒட்டிப்போயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. போற்ற வேண்டிய வேலை. மதுரையின் கோயில் நகையை எடுத்த டிரைப்பின் தாள் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது. அதே அக்கறை நம் ஊர் ஸ்டுடியோவின் பரணுக்கும் உரியது. மாவட்டந்தோறும் ஓர் அருங்காட்சியகமோ கல்லூரியோ முன்வந்தால், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாம்.

ஜடைப் படத்தை ஆணியிலிருந்து இறக்கினால், சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளிறாமல் சுண்ணாம்பின் பழைய நீலத்தில் தெரியும். சட்டத்தின் ஆணிகளைக் கழற்றி அட்டையைத் திருப்பினால், ஊதா மையில் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை பாதி அழிந்திருக்கும். அதன் கீழே, இன்னொரு பிரதி வேண்டுமென்றால் சொல்வதற்காக, பேனாவால் எழுதிய நெகட்டிவ் எண்.